பத்தாவது முடித்த பிள்ளை, வெளிநாட்டில் ஒரு பள்ளி வருடம்: போகலாமா, எத்தனை நாளுக்குப் போகலாம்?

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு அம்மா. மகள் பத்தாவது படிக்கிறாள், எக்ஸ்சேஞ்ச் மாணவியாக அமெரிக்கா போய் அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கி ஒரு வருடம் படிக்க ஆசைப்படுகிறாள். அவள் அப்பாவோ "மூணு வாரம் போயிட்டு வரட்டும், வருஷம் முழுக்க எதுக்கு" என்கிறாராம். இன்னொருவர் மேலப்பாளையத்துக்காரர், மகன் ஒன்பதாவது. "டீச்சர், ஆறு மாசத் திட்டம்னு ஒண்ணு இருக்காமே, வருஷமும் போகாது, அனுபவமும் கிடைக்கும், அதுதானே நல்லது?" என்றார்.

இதைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், பாளையங்கோட்டையில் இருபது வருடமாகப் பள்ளி ஆசிரியை. என் மூத்தவன் பத்தாவது முடித்து அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் ஒரு வருடம் இருந்தான். அண்ணன் மகள் ஜெர்மனியில் அரை வருடம். பள்ளிப் பிள்ளைகளை மூன்று வாரம் ஜப்பானுக்கு அழைத்துப்போன குழுவில் நானும் ஒரு ஆள். அப்புறம் எங்கள் வீட்டிலேயே ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு பதினாறு வயதுப் பெண் நாலு மாதம் தங்கியிருந்தாள். நாலையும் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

பெற்றோர் முதலில் கேட்பது பணம். ஆனால் முதலில் போடவேண்டியது வருடக் கணக்கு. நமக்குப் பள்ளி ஜூனில் திறக்கிறது, அமெரிக்காவில் ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில், ஜப்பானில் ஏப்ரலில். இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாது. எங்கே வெட்டினால் நம் பக்கம் குறைவாகச் சேதாரம் என்று பார்க்க வேண்டும்.

அடுத்து பணம், குறிப்பாக விளம்பரத்தில் எழுதாத பணம். மூன்றாவது சாப்பாடு, வழிபாடு: சைவம், ஹலால், வெள்ளித் தொழுகை, ஞாயிறு ஆராதனை எதுவாக இருந்தாலும் விண்ணப்பத்திலேயே மறைக்காமல் எழுதிவிட வேண்டும். எழுதினால் குடும்பம் கிடைக்கக் கொஞ்சம் தாமதமாகலாம். மறைத்தால் பிள்ளை போன இடத்தில் தவிக்கும்.

நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பது நான்காவதை. அந்த ஊரின் அன்றாட வாழ்க்கை பிள்ளைக்கு எவ்வளவு கிடைக்கும்? நயாகரா நீர்வீழ்ச்சியைப் பெரியவனான பிறகும் போய்ப் பார்க்கலாம். வேறொருவர் வீட்டில் செவ்வாய்க்கிழமை ராத்திரி குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு உருட்டிக்கொண்டு போய் வைப்பது, அந்த வீட்டுச் சின்னப் பையனோடு டிவி ரிமோட்டுக்குச் சண்டை போட்டு மறுநாள் சமாதானம் ஆவது, இதெல்லாம் பதினைந்து பதினாறு வயதில் மட்டுமே கிடைக்கும். அதற்குத்தான் இந்தத் திட்டங்களே வந்தன. ஏஎஃப்எஸ் என்ற அமைப்பு உலகப் போர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டிய தொண்டர்களால் உருவானது. 1947-லிருந்து பள்ளிப் பிள்ளைகளை நாடு விட்டு நாடு அனுப்பி அடுத்தவர் வீட்டில் வாழ வைக்கிறார்கள்.

பிள்ளையின் குணமும் உண்டு. மார்க்கைச் சொல்லவில்லை. பசித்தால் வாய்விட்டுக் கேட்குமா, தப்புச் செய்தால் தானே போய்ச் சொல்லுமா, அதைத்தான் பார்க்க வேண்டும்.

## மூன்று, நான்கு வாரம்

நம் பள்ளி வருடத்துக்கு ஒரு சேதாரமும் இல்லை, கோடை விடுமுறைக்குள் முடிந்துவிடும். பெற்றோருக்குப் பயமும் குறைவு. எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைக்கு, அதுவும் ஆச்சி வீட்டைத் தவிர வேறெங்கும் தனியாகத் தங்கியிராத பிள்ளைக்கு, இது நல்ல தொடக்கம்.

ஆனால் மாதத்தைப் பாருங்கள். நம் விடுமுறை ஏப்ரல் கடைசி, மே. அப்போது ஜப்பானிலும் ஜெர்மனியிலும் பள்ளி நடந்துகொண்டிருக்கும், பிள்ளை நிஜ வகுப்பில் உட்காரலாம். ஜூன், ஜூலையில் அமெரிக்கா அழைத்துப்போகும் திட்டங்களில் அங்கே பள்ளியே இருக்காது, முகாம்தான் நடக்கும். அதனால் பணம் கட்டுவதற்கு முன் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: என் பிள்ளை எத்தனை ராத்திரி குடும்பத்தோடு தங்கும், எத்தனை ராத்திரி விடுதியில்? நாங்கள் போனபோது ஏற்பாடு செய்தவர்களின் விளம்பரத் தாளில் "குடும்பத்தோடு தங்கல்" என்று பெரிதாகப் போட்டிருந்தது. கிடைத்தது இரண்டு வார இறுதிகள். மற்ற நாளெல்லாம் நம் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் ஒரே விடுதியில், ஒரே தமிழில்.

இருந்தாலும் அந்த இரண்டு வார இறுதியில் நடந்ததைத்தான் அவர்கள் இன்றைக்கும் பேசுகிறார்கள். ஜப்பான் வீடுகளில் வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டு, பிறகுதான் வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்கி உட்காருவார்கள். வீட்டில் எல்லோருக்கும் அதே தண்ணீர்தான். எங்கள் பையன் ஒருவன் நம் ஊர்ப் பழக்கத்தில் இறங்கி எழுந்ததும் அடைப்பைப் பிடுங்கி விட்டுவிட்டான், அடுத்து இறங்க வேண்டிய நாலு பேருக்கும் தண்ணீர் இல்லை. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுபடி தண்ணீர் பிடித்துச் சுடவைத்தார்கள். அடுத்த வாரம் அவனே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தான், அதோடு ஊருக்குத் திரும்ப நாள் வந்துவிட்டது.

மறைந்த செலவு பெரிதாக இல்லை: பரிசுப் பொருள், காப்பீடு, விசாவுக்கு அலைச்சல். நாள் கணக்கில் பார்த்தால் மட்டும் நாலு வழிகளிலும் இதுதான் விலை கூடியது.

## அரை வருடம்

மேலப்பாளையத்துக்காரர் கேட்டது இதை. காகிதத்தில் பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது.

அண்ணன் மகள் ஒன்பதாவதில் இருக்கும்போது செப்டம்பரில் ஜெர்மனி போனாள். முதல் இரண்டு மாதம் வகுப்பில் ஒரு வாக்கியம் முழுதாகப் புரியவில்லை. காலை எட்டு மணிக்குப் பள்ளி, பாதி நாள் ஒரு மணிக்கெல்லாம் முடிந்துவிடும். மீதி நாளை என்ன செய்வது என்று தெரியாமல் அறையில் உட்கார்ந்து அம்மாவுக்கு வீடியோ கால். ராத்திரிச் சாப்பாடு குளிர்ந்த ரொட்டியும் சீஸும், ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. கணக்குப் பரீட்சையில் 2 வாங்கினேன் என்று சொன்னதும் அண்ணன் பதறிப்போய் எனக்கு போன் பண்ணினார். அங்கே 1 தான் முதல் மார்க், 6 தான் கடைசி என்று விசாரித்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

டிசம்பர் நடுவில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அந்த வீட்டு அண்ணன்காரன் ஏதோ சொல்ல, யாரும் ஆங்கிலத்தில் விளக்காமலே இவள் சிரித்தாளாம். "அத்தே, அன்னைக்குத்தான் அந்த வீட்ல நானும் ஒரு ஆளா இருந்தேன்" என்றாள். ஜனவரிக் கடைசியில் கிளம்பி வந்துவிட்டாள். அவள் விமானத்தில் அழுதது வீட்டை நினைத்து இல்லை. வந்த வேலை தொடங்கிய இடத்தில் விட்டுவிட்டு வருகிறோமே என்றுதான்.

இனி வருடக் கணக்கு. சிபிஎஸ்இ பள்ளியில் 75 சதவீத வருகை வேண்டும். செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை வகுப்பில் இல்லாத பிள்ளைக்கு அது எட்டாது. அவளும் அந்த வகுப்பை மறுபடி படிக்க வேண்டியதாயிற்று. அரை வருடம் அங்கே, முழு வருடம் இங்கே. ஜனவரியில் தொடங்கும் அரை வருடம் இன்னும் மோசம், அது நம்முடைய இரண்டு கல்வி ஆண்டுகளின் குறுக்கே விழும். விமான டிக்கெட், விசா, குளிர் உடுப்பு எல்லாம் முழு வருடத்துக்கு ஆகிற அதே செலவு.

சரி, யாருக்கு இது பொருந்தும்? ஏற்கெனவே அந்த ஊர் மொழி தெரிந்த பிள்ளைக்கு. ஆங்கிலம் சரளமாக வரும் பிள்ளை அமெரிக்கா போனால் அந்த முதல் மூன்று மாதத் திணறல் பாதியாகக் குறையும், அங்கே ஒரு செமஸ்டர் மட்டும் படிக்கவும் விசா விதியில் இடமுண்டு. பத்தாவது முடித்து ஆகஸ்டில் போய் ஜனவரியில் திரும்பி, ஜூன் வரை வீட்டில் இருந்து பதினொன்றாம் வகுப்புக்குத் தயாராகலாம் என்று திட்டமிடும் குடும்பத்துக்கும் சரிப்படும். வீட்டில் வயதானவர் உடம்பு சரியில்லாமல் இருந்து, பத்து மாதம் பிரிந்திருக்க முடியாத பிள்ளைக்கும்.

## முழு வருடம்

முதலில் விதி. அமெரிக்காவுக்கு ஜே-1 என்ற எக்ஸ்சேஞ்ச் விசாவில் போகும் பள்ளி மாணவருக்குத் திட்டம் தொடங்கும் நாளில் 15 வயது ஆகியிருக்க வேண்டும், பதினெட்டரை தாண்டக் கூடாது. எல்கேஜி, யுகேஜியை விட்டுவிட்டு 11 வருடத்துக்கு மேல் பள்ளிப் படிப்பு முடித்திருக்கக் கூடாது. ஆகவே பன்னிரண்டாவது முடித்த பிள்ளைக்கு அந்தக் கதவு மூடிவிடும். பத்தாவது முடித்த கையோடு போவதுதான் நம் ஊர்க் கணக்குக்குக் கச்சிதம்: மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு, ஆகஸ்டில் பயணம், அடுத்த வருடம் மே கடைசி அல்லது ஜூனில் வீடு, உடனே பதினொன்றாம் வகுப்பு. ஒரு வருடம் போகும், ஆனால் எந்த வகுப்பும் பாதியில் அறுபடாது. இதற்கான விண்ணப்பம், தேர்வெல்லாம் பத்தாவது படிக்கும்போதே நடந்துவிடும், ரிசல்ட் வந்த பிறகு பார்க்கலாம் என்றிருந்தால் அந்த வருடம் கிடைக்காது.

"நீட் என்னாகும், ஜேஇஇ என்னாகும்" என்று கேட்பார்கள். நீட்டுக்கு 17 வயது நிரம்பினால் போதும், மேல் வயது வரம்பு கிடையாது. ஒரு வருடம் தள்ளி எழுதுவதால் விதிப்படி எந்த நட்டமும் இல்லை. அறுபடுவது கோச்சிங் சங்கிலிதான். ஒன்பதாவதிலிருந்தே அதில் சேர்ந்து ஓடுகிற பிள்ளைக்கு அது உண்மையான இழப்பு, சின்னதாகச் சொல்ல மாட்டேன்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனமாக வாசியுங்கள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அதனால் வெளிநாட்டில் படித்த வருடத்தைப் பதினொன்றாம் வகுப்பாகக் கணக்குக் காட்ட முயலவே வேண்டாம். அதை இடைவெளி வருடமாக விட்டுவிட்டு, திரும்பி வந்து அரசுப் பள்ளியிலேயே பதினொன்றில் சேருங்கள். கிளம்பும் முன்பே தலைமை ஆசிரியரிடமும் முதன்மைக் கல்வி அலுவலகத்திலும் எழுத்தாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தனியார் பள்ளியானால், திரும்பி வரும்போது எந்தக் குரூப்பில் இடம் என்பதைக் கடிதமாக வாங்குங்கள். என் மகனுக்கு வாயால் சொன்ன வாக்கு ஜூனில் மாறிப்போய், உயிரியல் குரூப்புக்காக ஒரு வாரம் நடையாய் நடந்தோம்.

பணத்துக்கு மூன்று வழி. முழுக் கட்டணம் கட்டிப் போவது பல லட்சம். ரோட்டரி வழியாகப் போனால் டிக்கெட், விசா, காப்பீடு நம் பொறுப்பு, தங்கலும் படிப்பும் அங்குள்ள சங்கமும் குடும்பங்களும் பார்த்துக்கொள்ளும். அதில் ஒரே வருடத்தில் இரண்டு மூன்று வீடு மாறுவது சாதாரணம். மூன்றாவது, அமெரிக்க அரசு பணம் போடும் கென்னடி-லூகர் யெஸ் திட்டம். 2002-ல் தொடங்கியது, இந்தியாவும் அதில் உண்டு. தேர்வானால் டிக்கெட், காப்பீடு, மாதக் கைச்செலவு எல்லாம் அவர்கள் தருவார்கள். இப்படி அரசுப் பணத்தில் போய் வந்தவர் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்த பிறகே அமெரிக்க வேலை விசாவோ கிரீன் கார்டோ கேட்க முடியும். திரும்பி வந்து இரண்டு வருடம் பிளஸ் டூ படிக்கப்போகும் பிள்ளைக்கு அது ஒரு தடையே இல்லை.

எழுதாத செலவுக்கு வருகிறேன். பனிக்காலக் கோட்டும் பூட்ஸும் இங்கே வாங்காதீர்கள், இங்கே கிடைப்பது அந்தக் குளிருக்குக் காணாது. காப்பீட்டில் பெரும்பாலும் பல்லும் கண்ணாடியும் சேராது. தடுப்பூசி அட்டை இல்லையென்றால் அங்கே பள்ளியில் சேர்க்கவே மாட்டார்கள். எங்களிடம் பாதிதான் இருந்தது, அம்மை ஊசிகளை மறுபடி போட்டோம். நம் பிள்ளைகளுக்குப் பிறந்ததும் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்டிருப்பதால் காசநோய்த் தோல் சோதனையில் தோல் தடித்துக் காட்டலாம், அப்புறம் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை என்று நீளும். தோளில் இருக்கும் அந்தத் தழும்பு என்ன என்று பிள்ளைக்கே ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பாஸ்போர்ட்டை திருநெல்வேலியிலேயே முடித்துவிடலாம், விசா நேர்காணலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை போகத்தான் வேண்டும். பிள்ளை அங்கே பகுதிநேர வேலை பார்த்துச் சம்பாதிக்கும் என்ற நினைப்பு வேண்டாம், இந்த விசாவில் புல் வெட்டுவது, குழந்தை பார்த்துக்கொள்வது போன்ற சில்லறை வேலை தவிர எதற்கும் அனுமதி இல்லை. பிள்ளையை வீட்டில் தங்க வைக்கும் ஹோஸ்ட் குடும்பத்துக்கும் சம்பளம் கிடையாது, நம் பிள்ளைக்கு ஒரு கட்டிலும் மூன்று வேளைச் சாப்பாடும் மனசாரக் கொடுக்கிறார்கள்.

இனி அன்றாடம். மகன் போன முதல் ராத்திரி, சாயங்காலம் ஆறு மணிக்கே சாப்பாடு. ஹோஸ்ட் அம்மா "இன்னும் வேணுமா?" என்று கேட்டார். இவன் மரியாதைக்கு "வேண்டாம்" என்றான். நம் வீட்டில் வேண்டாம் என்றால் இன்னும் ஒரு கரண்டி விழும், அதற்காகக் காத்திருந்தான். அவர் பாத்திரத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டார். பசியோடு படுத்தவன் மூன்றாவது நாள்தான் "வேணும்" என்று வாயைத் திறந்து சொல்லப் பழகினான். அந்த ஒரு வார்த்தை அவனுக்கு அதற்குப் பிறகு பள்ளியிலும் உதவியது, வகுப்பில் புரியவில்லை என்றால் கையைத் தூக்கிக் கேட்டான்.

வாரம் ஒரு தடவை மட்டும் பேச வேண்டும் என்று முடிவு செய்திருந்தோம். அவனுக்கு ஞாயிறு காலை ஒன்பது, நமக்கு சாயங்காலம் ஆறரை. நவம்பரில் அங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் ஏழரை. அக்டோபரில் ஒரு ஞாயிறு அழுதான், தீபாவளியன்று அவனுக்குப் பள்ளி நாள், கெமிஸ்ட்ரி தேர்வு. அப்போது திரும்பக் கூப்பிட்டிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

பொங்கலுக்குள் ஆளே மாறிவிட்டான். நமக்கு பதினைந்தாம் தேதி காலை, அவனுக்கு பதினாலு ராத்திரி, வெளியே பனி. ஊர் அரிசியைப் பையில் கொண்டுபோக அமெரிக்காவில் விடுவதில்லை, அங்கே கிடைத்த குட்டை அரிசி, வெல்லத்துக்குப் பதில் பழுப்புச் சர்க்கரை. பால் விளிம்புக்கு ஏறும்போது ஹோஸ்ட் அம்மா ஓடிவந்து அடுப்பைக் குறைக்கப் பார்த்தாராம். "இல்லை இல்லை, பொங்கணும், பொங்கி வழியணும்" என்று இவன் கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறான். வழிந்தது. அந்த வீட்டு அடுப்பு கண்ணாடி அடுப்பு, கருகிப் பிடித்துக்கொண்டது. அரை மணி நேரம் இரண்டு பேரும் பிளேடு வைத்துச் சுரண்டியபடி, எதற்காகப் பால் வழிய வேண்டும் என்று இவன் விளக்கியிருக்கிறான். சூரியனுக்கு, மாட்டுக்கு, வயலுக்கு நன்றி சொல்வதை முதல் முறையாக இன்னொருவருக்குச் சொல்ல வேண்டிவந்தபோதுதான் தனக்கே அது புரிந்தது என்றான். இது நடந்தது ஆறாவது மாதம்.

எல்லாம் நல்லபடியாகவே போகும் என்று சொல்ல மாட்டேன். அவனோடு போன ஒரு பெண்ணுக்கு அந்த வீடு ஒத்துவரவில்லை, இரண்டாவது மாதம் வேறு குடும்பத்துக்கு மாற்றினார்கள். உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் மாதம் ஒருமுறையாவது பிள்ளையோடு பேச வேண்டும் என்பது விதி, அவரிடம் ஒளிக்காமல் சொல்லப் பிள்ளையைப் பழக்குங்கள். திரும்பி வந்த பிறகும் ஒரு மூன்று மாதம் சிரமம் உண்டு. ஆச்சி காபி கொடுத்ததற்கு இவன் தேங்க்ஸ் சொல்ல, "என்னல, ஆச்சிட்டயே அன்னியமா பேசுத" என்று என் அம்மா முகம் வாடிவிட்டது. கூடப் படித்தவர்கள் பன்னிரண்டில், இவன் தன்னைவிடச் சின்னவர்களோடு பதினொன்றில். ஒரு வருடம் அந்தக் கூச்சம் இருந்தது.

## போகாமல், ஒரு பிள்ளையை வீட்டுக்கு அழைப்பது

இந்த வழியை யாரும் கேட்பதில்லை. டிக்கெட் இல்லை, வருடம் போகாது, பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளை இருக்கும் வீட்டிலும் நடக்கும். ஒரு தனிக் கட்டில், கொஞ்சம் கூடுதல் சமையல், வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் அவர் தங்குவதைப் பதிவு செய்வது, நம் பள்ளியில் சேர்ப்பது. இவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்கு வந்த பெண் அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருப்பாள். "ஏட்டி, அந்தப் பிள்ள கோவமா இருக்கா? கதவச் சாத்திட்டுக் கெடக்கு" என்று என் அம்மா ஒரு வாரம் கவலைப்பட்டாள். அவர்கள் வீட்டில் சாத்திய கதவு சாதாரணம், எங்கள் வீட்டில் சாத்திய கதவு என்றால் சண்டை. என் இளையவள் போய்க் கேட்டு, இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: சாயங்காலம் திறந்திருக்கும், படிக்கும்போது சாத்தியிருக்கும். அந்தப் பெண் சொதியில் இஞ்சித் துவையலைத் தொட்டுச் சாப்பிடப் பழகிய நேரத்துக்குள், தயங்கித் தயங்கிப் பேசுகிற என் மகளின் ஆங்கிலம் திறந்துகொண்டது.

மறைந்த செலவு அம்மாவின் நேரம். அந்தப் பெண் காய்ச்சலில் படுத்த நாலு நாள் நான் தூங்கவில்லை, இன்னொருத்தி பிள்ளையல்லவா. இன்னொன்று, தனியாக நிற்கப் பழகுவது நம் பிள்ளைக்கு இதில் கிடைக்காது.

## ஒரே பார்வையில்

| | 3–4 வாரம் | அரை வருடம் | முழு வருடம் | வீட்டுக்கு அழைப்பது |
|---|---|---|---|---|
| நம் பள்ளி வருடம் | போகாது | பெரும்பாலும் போகும் | ஒன்று போகும், அறுபடாமல் | போகாது |
| சரியான வயது | 13, 14 | 15, 16 | பத்தாவது முடித்ததும் | எப்போதும் |
| எழுதாத செலவு | நாள் கணக்கில் விலை கூடுதல் | மறுபடி படிக்கும் வகுப்பு | ஊசி, பல், உடுப்பு, திரும்பியபின் கூச்சம் | பெற்றோரின் நேரம் |
| அன்றாட வாழ்க்கை | எட்டிப் பார்க்கலாம் | தொடங்கும்போது முடியும் | முழுதாகக் கிடைக்கும் | நம் வீட்டிலேயே பாதி |

## கேட்ட இருவருக்கும்

மேலப்பாளையத்து அண்ணாச்சிக்கு: ஒன்பதாவதில் ஆறு மாதம் வேண்டாம். பையன் பத்தாவதை முடிக்கட்டும். அதற்குள் யெஸ் திட்டத்துக்கு விண்ணப்பிக்க ஒரு வருடம் உங்கள் கையில் இருக்கிறது, பண யோசனையும் அதிலேயே தீரலாம். அவன் ஆங்கிலம் பேசத் தயங்குகிறான் என்றீர்கள். இடையில் ஒரு வெளிநாட்டுப் பிள்ளையை வீட்டில் வைத்துப் பாருங்கள், உங்கள் வீட்டில் இடமும் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள்.

அம்பாசமுத்திரத்து அக்காவுக்கு: உங்கள் மகளை நான் பார்த்தேன். போன டிசம்பரில் தனியாக பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்து, சாப்பிடும்போது "டீச்சர், இன்னும் கொஞ்சம் சோறு" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள். முழு வருடத்துக்கே விடுங்கள். அவள் அப்பாவிடம் மூன்று வாரத்துக்கும் பத்து மாதத்துக்கும் உள்ள டிக்கெட் விலை ஒன்றுதான் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். அப்புறம் இந்த வாரமே அவளைப் பல் டாக்டரிடம் காட்டுங்கள், தடுப்பூசி அட்டை எங்கே இருக்கிறது என்று பீரோவில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அவள் பிறந்த ஆஸ்பத்திரியில் பழைய பதிவேடு இருக்கும், எழுதி வாங்கக் கொஞ்ச நாள் ஆகும்.